லிபோசோமலா, நானோ துகளா? வைட்டமின் சி பற்றி உதவி தேவை

அம்மாவுக்கு வைட்டமின் சி குறைபாடு. பல் துலக்கினாலே ஈறில் இரத்தம் கசிகிறது. மருத்துவர் தந்த 1,000 மி.கி. மாத்திரையைச் சில வாரங்களாக எடுக்கிறார். விழுங்கிய சற்று நேரத்தில் வயிறு பிடித்து இழுத்து, வயிற்றுப்போக்கு.

உணவுக்குப் பின் கொடுத்தோம், 500 மி.கி.யாகப் பிரித்தோம், அமிலத்தன்மை குறைந்த வைட்டமின் சி வடிவமான சோடியம் அஸ்கார்பேட்டுக்கு மாறினோம். நெஞ்செரிச்சல் அடங்கியது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. உறிஞ்சப்படாத மிச்சம் குடலுக்குள் நீரை இழுப்பதால் வரும் தொல்லை இது. வேறு வடிவம் முயலலாம் என்கிறார் மருத்துவர். நான் பார்த்தவை இரண்டு: வைட்டமினை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் (லிபோசோம்) அடைத்த லிபோசோமல், மிக நுண்ணிய துகள்களாகத் தரும் நானோ.

லிபோசோமல் புட்டியில் அந்தக் குமிழியின் உறையாகும் கொழுப்பான பாஸ்போலிப்பிட்டின் அளவு தெளிவாக இருக்கிறது. நானோ புட்டியிலோ துகள் எதனால் ஆனது, எத்தனை நானோமீட்டர் என்று ஒரு வரிகூட இல்லை. லிபோசோமும் பெரும்பாலும் நானோ அளவுதானே, 'நானோ' என்ற பெயர் மட்டும் என்ன சொல்லிவிடும்! எனக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

இரண்டையும் எடுத்துப் பார்த்தவர்களே, வயிற்றைக் கெடுக்காமல் ஒத்துக்கொண்டது எது?