பத்து யானை என்றால் எவ்வளவு பெரியது? டைனோசர்களின் அளவைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்த அனுபவங்கள்

நூல்வண்டு:
மகள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வாங்கிய படப்புத்தகத்தில், அர்ஜென்டினாவில் கிடைத்த பட்டகோடைட்டன் என்ற டைனோசர் 'பத்து யானைகளுக்குச் சமம்' என்று போட்டிருந்தது. அவள் அதைப் படமாக வரைந்து காட்டினாள்: பத்து யானைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. புத்தகம் சொன்னது எடையை. அவற்றை வரிசையாக நிறுத்தினாலும் கணக்கு உதைக்கும். ஆப்பிரிக்க யானைக்கு ஆறு மீட்டர் என்று வைத்தால்கூடப் பத்துக்கு 60 மீட்டர் ஆகிறது. பட்டகோடைட்டனின் நீளம் 37 மீட்டர்தான். எடையா, நீளமா, உயரமா என்று சொல்லாமல் ஒப்பிட்டால் பிள்ளை என்னதான் செய்யும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கோதாவரிக்கரை:
ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசாரஸின் எலும்புக்கூடு நிற்கிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகள். நீளம் சுமார் 9 மீட்டர். என் பையன் முன்னால் நின்று, "இவ்வளவுதானா அப்பா?" என்றான். வால் நுனியிலிருந்து தலை வரை நடக்கச் சொன்னேன். திரும்பி வந்தவன், "பாதிக்கு மேல் கழுத்தும் வாலும்தான் இருக்கிறது" என்று புகார் செய்தான். நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததே அதுதான். கழுத்தும் வாலும் நீண்ட இந்த வகை விலங்குகளில் நீளத்தை மட்டும் சொன்னால் உடம்பின் பருமன் பிடிபடாது.

சாக்பீஸ்:
நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. முழு விலங்கையும் காட்ட முயல்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஒரே ஓர் எலும்பு போதும். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாராபாசாரஸின் எலும்புக்கூடு இருக்கிறது (புள்ளியியல் நிறுவனத்துக்கு டைனோசர் எதற்கு என்று கேட்காதீர்கள், அங்கே நிலவியல் பிரிவும் உண்டு). அதன் தொடை எலும்பு சுமார் 1.7 மீட்டர். பழைய நாள்காட்டித் தாள்களை ஒட்டி அதே அளவில் வெட்டிச் சுவரில் நிறுத்தினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். என்னையும் இழுத்து நிறுத்தினார்கள். எலும்பு என்னைவிட உயரம். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் 'எத்தனை யானை' என்று கேட்கவில்லை, 'முட்டி எங்கே வரும்?' என்று கேட்டார்கள். அறிவியல் கேள்வி என்றால் அதுதான். பட்டகோடைட்டனின் தொடை எலும்பு 2.4 மீட்டர், அதை எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்ட இடமில்லை.

மழைக்காகிதம்:
எங்கள் வீட்டில் சிக்கல் தலைகீழ். வெலாசிராப்டர் ஆள் உயரம் இருக்கும் என்று சினிமா பார்த்து என் மகன் நம்பிக்கொண்டிருந்தான். உண்மையில் வாலோடு சேர்த்து சுமார் 2 மீட்டர் நீளம், இடுப்பு உயரம் அரை மீட்டர், எடை 20 கிலோவுக்குள், இறகு வேறு. சொன்னதும் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அரியலூர்க்காரன்:
எங்கள் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வது கடினம். 1980களில் அறிவிக்கப்பட்டது. கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் என்று பதிவு. ஆனால் அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் சிதைந்துபோயின. மிஞ்சியவை படங்களும் அளவுக் குறிப்புகளும்தான். 'உலகிலேயே பெரிய டைனோசர் எங்கள் ஊரில்' என்று மேடைகளில் முழங்குகிறார்கள். நான் என் அண்ணன் மகளிடம் அப்படிச் சொல்வதில்லை. "மிகப் பெரியதாக இருந்திருக்கலாம், அளந்து பார்க்க எலும்பு நம் கையில் இல்லை" என்பேன். "யார் தொலைத்தது?" என்று கோபமாகக் கேட்கிறாள். எனக்கும் அதே கோபம்தான்.

நூல்வண்டு:
சாக்பீஸ் டீச்சர், எலும்பு யோசனையை இந்த வாரமே செய்கிறேன். ஒரு சந்தேகம்: பொம்மைப் பெட்டியில் டி. ரெக்ஸும் வெலாசிராப்டரும் ஒரே அளவில் வருகின்றனவே, அதற்கு என்ன செய்வது?

சாக்பீஸ்:
பெட்டியை ஓரமாக வையுங்கள். நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டால் பள்ளி அடிஸ்கேலே போதும். டி. ரெக்ஸ் சுமார் 12 மீட்டர், அதாவது முழு ஸ்கேல், 30 சென்டிமீட்டர். வெலாசிராப்டர் 5 சென்டிமீட்டர். பட்டகோடைட்டனுக்கு மூன்று ஸ்கேலை நீளவாக்கில் வைத்து இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும். 1.2 மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 3 சென்டிமீட்டர். அந்தப் பிள்ளையை முதலில் அட்டையில் வெட்டி நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.