முத்தோரை பாலாடா அருங்காட்சியகத்தில் ஓவிய மாணவர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
வணக்கம். குன்னூருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். அது மானிடவியல் காட்சியகம்தானே, வரையப் பழகும் பிள்ளைகளுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று உடன் பணியாற்றுவோர் கேட்கிறார்கள். அங்கு சென்று வந்தவர்கள், எதன் முன்னால் மாணவர்களை நிறுத்தி வைக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கோத்தகிரிவாசி:
தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஐயா. ஆனால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகத்தாரின் பொருள்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் பிள்ளைகளின் மனத்தில் எதுவும் தங்காது.

நானாக இருந்தால் தோடர் பூத்தையலின் முன்னால் பாதி நேரத்தைச் செலவிடுவேன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்தக் கோலங்களைத் தோடர் பெண்கள் துணிமேல் வரைந்துகொண்டு தைப்பதில்லை. ஊடையும் பாவுமாக இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். நாம் அடிப்பக்கம் என்று நினைக்கும் சொரசொரப்பான பக்கமே அவர்களுக்கு மேற்பக்கம். இதைச் சொல்லிவிட்டு, கையில் கட்டத்தாளைக் கொடுத்து ஒரு கோலத்தை மட்டும் எண்ணி எண்ணிப் பெயர்த்து வரையச் சொல்லுங்கள். வெறுங்கையால் வரைபவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.

தோடர் குடிலின் மாதிரியையும் விட்டுவிடாதீர்கள். அதன் கூரை வளைவைக் கோட்டில் பிடிப்பது எளிதன்று. கோத்தர் மட்பாண்டங்களைப் பார்க்கும்போது, அவற்றை வனைபவர்கள் பெண்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

எழும்பூர் வாசகர்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நீலகிரியின் மிகப் பழைய சிற்பங்கள் பெரும்பாலும் நீலகிரியில் இல்லை. மலை உச்சிகளிலுள்ள, பழங்கால ஈமச் சின்னங்களான கல்வட்டங்களை 1870களின் தொடக்கத்தில் தோண்டச் செய்தவர், இம்மாவட்டத்தின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ். அங்கே கிடைத்த மட்கலங்களின் மூடிகள்மேல் எருமை, குதிரை, மனிதர் என்று சுடுமண் உருவங்கள் அமர்ந்திருக்கும். அவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நீலகிரிக் கலங்கள் உள்ளன. குட்டையான கால்களும் தடித்த கழுத்துமாக, இரண்டு விரல்களால் கிள்ளிச் செய்தது போன்ற அந்த உருவங்களை நான் எந்தப் பளிங்குச் சிலைக்கும் குறைவாக மதிப்பிட மாட்டேன். படங்களையாவது முன்கூட்டியே காட்டிவிட்டுப் பாலாடாவுக்குச் செல்லுங்கள்.

குறிஞ்சி நிலத்தான்:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. காட்சிப்பேழைக்குள் வைத்ததும் எல்லாமே வழக்கொழிந்த பொருளாகத் தோன்றிவிடுகிறது. இது பாலாடாவின் குறை மட்டுமன்று, இவ்வகைக் காட்சியகங்கள் அனைத்துக்கும் உள்ள இடர். தோடர் பெண்கள் இன்றும் தைக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையின் பாறை ஓவியங்களைத் தம் முன்னோர் தீட்டியவை என்று சொல்லும் ஆலு குறும்பர்களில் சிலர், வேங்கை மரப் பிசினையும் இலைச்சாற்றையும் கொண்டு தேனெடுக்கும் காட்சிகளை இன்றைக்கும் தாளில் தீட்டுகிறார்கள். ஆகவே பார்த்து முடித்த பிறகு அவர்களில் ஒருவரை உரிய மதிப்பூதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைத்து, வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். வண்ணப்பெட்டிக்கு வெளியிலும் வண்ணம் உண்டு என்பதைப் பிள்ளைகள் அவர் கையிலிருந்து கற்கட்டும்.

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
அனைவருக்கும் நன்றி. வகுப்பை இரண்டு குழுக்களாகப் பிரித்து, கட்டத்தாளுடன் அழைத்துச் செல்கிறேன். மதிப்பூதியத்துக்கான தொகையைத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கல்வட்ட மூடிகளின் தெளிவான படங்கள் யாரிடமேனும் இருந்தால் இங்கே பகிருமாறு வேண்டுகிறேன்.