டிஎஃப்ஆர் வெளிவளையத்துக்குள் மாட்டிக்கொண்ட ஏர்போர்ட்: விஎஃப்ஆர் பிளான் மட்டும் போதுமா?

கேள்வி: செஸ்னா 172, நியூஜெர்சி பிரின்ஸ்டன் ஏர்போர்ட். சனிக்கிழமை அதிபர் பெட்மின்ஸ்டரில் இருக்கிறார் என்று 30 கடல்மைலுக்கு டிஎஃப்ஆர் (தற்காலிகப் பறத்தல் கட்டுப்பாடு) வந்திருக்கிறது. நாலு டச் அண்ட் கோ (இறங்கி நிற்காமல் உடனே மறுபடி கிளம்பும் பயிற்சி) அடித்துவிட்டு பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் போக எண்ணம். விஎஃப்ஆர் பிளான் (கண்ணால் பார்த்துப் பறக்கும் பயணத்துக்கான திட்டம்) ஃபைல் பண்ணியாச்சு. வேறென்ன வேண்டும்? நோட்டமில் (விமானிகளுக்கான அறிவிப்பில்) ஆரம்பம் 1400, அதாவது மதியம் 2 மணிதானே?

பதில் 1: முதலில் நேரம். நோட்டம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். கோடையில் 4 மணி கழியுங்கள்: 1400 என்றால் காலை 10.

டச் அண்ட் கோ கூடவே கூடாது. நடு 10 கடல்மைலுக்குள் நமக்கு இடமே இல்லை. 10 முதல் 30 வரையுள்ள வெளிவளையத்தில் கிளம்பலாம், இறங்கலாம், அவ்வளவுதான். பயிற்சி, சுற்றிப் பார்த்தல், ஒரே இடத்தில் வட்டமடித்தல் எல்லாம் தடை. உயரம் 17,999 அடி வரை, அதனால் மேலே ஏறித் தப்பவும் வழியில்லை.

பெரும்பாலோர் சிக்குவது பிளானில்தான். விஎஃப்ஆர் பிளான் ஃப்ளைட் சர்வீஸிடமே (விமானிகளுக்குத் தகவல் தரும் சேவை) கிடக்கும். காணாமல் போனால் தேடுவதற்கு. கண்ட்ரோலர் திரைக்கு அது போகாது, ஸ்குவாக் கோடும் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நாலு இலக்க எண்) தானாக வராது. பிரின்ஸ்டனில் டவர் இல்லை. ஆகவே தரையில் இருக்கும்போதே போனில் ஏடிசியை (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை) பிடித்துத் தனிக் கோடு வாங்குங்கள், பிளானை ஆக்டிவேட் செய்யுங்கள், சக்கரம் தரையை விடும் முன் டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் கருவியில்) கோடு ஏறி, உயரத்தையும் அனுப்பும் ஆல்ட் நிலையில் இருக்க வேண்டும். கிளம்பியதும் ரேடியோவில் பேசிக்கொண்டே போகணும்.

பதில் 2: கார்மின் ஜிடிஎக்ஸ் 327 டிரான்ஸ்பாண்டர் இருந்தால் விஎஃப்ஆர் பொத்தானில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் 1200-க்கு, அதாவது விஎஃப்ஆர் விமானங்களின் பொதுக் கோடுக்குப் போய்விடும். வளையத்துக்குள் 1200 என்பது நேரடி மீறல்.

கேட்டவர்: அப்போ 9 மணிக்கே கிளம்பிவிட்டால்?

பதில் 1: அதுதான் நல்லது. லங்காஸ்டர் திசையில் வளைய விளிம்புக்குச் சுமார் 25 கடல்மைல். 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்) வேகத்தில் கால் மணி நேரம். ஆனால் அதிபரின் பயண நேரம் மாறினால் நோட்டமும் மாறும். எஞ்சின் ஸ்டார்ட்டுக்கு முன் ஃப்ளைட் சர்வீஸிடம் இன்னொரு முறை கேளுங்கள். டேப்லெட்டில் வளையம் வரையப்படவில்லை என்பதை நம்பிப் போகாதீர்கள், படம் வராமல் எழுத்து மட்டும் வருவதுண்டு.

திரும்பும்போது விளிம்புக்கு வெளியிலேயே கோடு வாங்கணும். கண்ட்ரோலர் பதில் தரவில்லையென்றால் உள்ளே நுழையாமல் வேறு ஏர்போர்ட்டில் இறங்குங்கள். இரண்டாவது ரேடியோ அவசர அலைவரிசையான 121.5-இல் இருக்கட்டும். போர் விமானம் பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டினால் நீங்களும் ஆட்டிவிட்டுப் பின்தொடருங்கள்; வேறு உத்தரவு வராதவரை ஸ்குவாக் 7700 (அவசர நிலைக் கோடு).