வயசானவங்களுக்குக் கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் அடைப்பு எவ்வளவு சகஜம்?

திருப்பாப்புலியூரான்:
அப்பாவுக்கு வயசு 71, பிபி உண்டு, சுகர் இல்லை. வலது விழித்திரையில கிளைச் சிரை (ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு போற சின்னக் குழாய்) அடைச்சிருக்கு, கண்ணுக்குள்ள ஊசி போடணும், பாண்டிக்குப் போங்கன்னு கடலூர்ல சொல்லிட்டாங்க. இது அபூர்வமா வர்றதா? பொங்கல் கழிச்சுப் போனா ஆகாதா?

விழித்திரை:
அபூர்வம்னு சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் நடந்த புளூ மவுன்டன்ஸ் ஆய்வில் விழித்திரைச் சிரை அடைப்பு இருந்தவங்க 60 வயசுக்குக் கீழே 0.7 சதவீதம், எழுபதுகளில் 2.1, எண்பதைத் தாண்டினா 4.6.

விழித்திரையில தமனியும் (ரத்தம் கொண்டு வர்ற குழாய்) சிரையும் ஒண்ணையொண்ணு தாண்டுற இடத்துல ரெண்டுக்கும் ஒரே உறை. பிபியால தமனி தடிச்சா கூட இருக்கிற சிரை நசுங்கும், ரத்தம் தேங்கும், நீர் கசிஞ்சு மாக்குலா (விழித்திரையோட நடுப்பகுதி, கூர்மையாப் பார்க்க உதவுறது) வீங்கும். ஊசி அந்த வீக்கத்துக்குத்தான், அடைப்பை எடுக்காது. "ரெண்டு ஊசி போட்டும் அடைப்பு அப்படியே இருக்கே"ன்னு நிறுத்துறவங்கதான் பார்வையைக் கோட்டை விடுறாங்க. ஒரு வாரம் பரவாயில்லை, மாசக்கணக்குல தள்ளாதீங்க. ஆறு மாசம் கழிச்சு ஊசி ஆரம்பிச்சவங்களுக்கு, முதல்லயே போட்டவங்க அளவுக்குப் பார்வை திரும்பலை.

தவளக்குப்பம்_ரோடு:
பாண்டியில ஜிப்மர், அரவிந்த் ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் பார்க்கலாம். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் மங்கலா, கூசும். அவரை வண்டி ஓட்ட விடாதீங்க, கூட ஒருத்தர் போங்க. பிபி சீட்டு, பழைய ஓசிடி ஸ்கேன் (விழித்திரையைப் படம் எடுக்கிறது) எல்லாம் கையில இருக்கட்டும். ஆரம்பத்துல பெரும்பாலும் மாசம் ஒரு ஊசி.

ஊசி போட்ட இடத்துல சிவப்புத் திட்டு வந்தா பயமில்லை, தானா மறையும். ஆனா அடுத்த சில நாள்ல வலி கூடி, பார்வை மங்கினா கிருமித் தொற்றா இருக்கலாம். மறுநாள்னு பார்க்காம அன்னிக்கே ஓடணும்.

விழித்திரை:
இன்னொண்ணு. ஒரு கண் மங்கினாலும் மத்தது ஈடுகட்டிடும், வலியும் இருக்காது. புரைன்னு நினைச்சு முகாமுக்குக் காத்திருக்கிறவங்க நிறைய. வாரம் ஒருதடவை ஒரு கண்ணை மூடிட்டு நாள்காட்டித் தாள்ல ராசிபலன் வரியைப் படிக்கச் சொல்லுங்க, அப்புறம் அடுத்த கண். வரி நெளிஞ்சா, பாதி மறைஞ்சா டாக்டரைப் பாருங்க. திடீர்னு ஒரு கண் முழுசா இருட்டிட்டா அது தமனி அடைப்பா இருக்கலாம், பக்கவாதத்துக்குச் சமம். கண்ணாடிக் கடைக்கு இல்லை, 108-ஐக் கூப்பிட்டுப் பக்கவாத சிகிச்சை இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

திருப்பாப்புலியூரான்:
நன்றிங்க, இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். ஊசிக்கு வெறும் வயித்துல போகணுமா?

தவளக்குப்பம்_ரோடு:
வேண்டாம். மரத்துப்போகச் சொட்டு மருந்துதான், மயக்க மருந்து கிடையாது. இட்லி சாப்பிட்டு, பிபி மாத்திரையையும் போட்டுட்டு வரச் சொல்லுங்க. பிபி ஏறிக் கிடந்தா ஊசியையே தள்ளி வெச்சிடுவாங்க.