கூண்டிலிருந்து மீண்ட கோழிகளுக்கு லேயர் தீவனமா, வளர்பருவத் தீவனமும் கிளிஞ்சலுமா?

ஓலைக்குடில்

கூண்டுப் பண்ணையில் கழித்துவிட்ட 6 கோழிகள். பழுப்புக் கலப்பினம், வயது 75 வாரத்தை ஒட்டி. கழுத்திலும் வயிற்றிலும் இறகு இல்லை, கொண்டை வெளுத்துத் தொங்குகிறது, அலகு நுனி வெட்டியிருக்கிறது. நான்கு இன்னும் முட்டையிடுகின்றன, இரண்டு நிறுத்திவிட்டன. விற்க அல்ல, ஆயுசு உள்ளவரை வைத்துக்கொள்ளத்தான். லேயர் தீவனத்தையே (முட்டையிடும் கோழிக்கான, கால்சியம் மிகுந்த தீவனம்) தொடர்வதா, கால்சியம் குறைந்த வளர்பருவத் தீவனத்துக்கு மாற்றிவிட்டுக் கிளிஞ்சலைத் தனியே வைப்பதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காரணத்தோடு சொல்லுங்கள்.

தராசுமுள்

லேயர் தீவனம்தான். கணக்கு போட்டுப் பாருங்கள். 60 கிராம் முட்டைக்கு ஓடு சுமார் 6 கிராம், அதில் கால்சியம் 2.2 கிராம். தின்னும் கால்சியத்தில் ஏறக்குறையப் பாதிதான் உடம்பில் சேரும். ஆக ஒரு முட்டைக்கு 4.4 கிராம் உள்ளே போயாக வேண்டும். 4 சதவீதக் கால்சியம் உள்ள லேயர் தீவனத்தை 110 கிராம் தின்றால் சரியாக 4.4 வந்துவிடும்.

1 சதவீதத் தீவனம் என்றால் அதே 110 கிராமில் 1.1தான். மீதி 3.3 கிராமுக்குத் தினம் 9 கிராம் அளவுக்குக் கிளிஞ்சலைத் தேடித் தின்ன வேண்டும். மண்ணையே பார்த்திராத கோழி, நுனி போன அலகை வைத்துக்கொண்டு, வந்த வாரமே அதைச் செய்யுமா? செய்யாவிட்டால் முட்டை உடனே நின்றுவிடாது. எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். அதுவும் ஓராண்டுக்கு மேல் கரைந்து கரைந்து மீந்த எலும்பு.

கிளறுகால்

தராசுமுள் சார், கணக்கில் குறை இல்லை. ஆனால் அது தினம் முட்டையிடும் கோழியின் கணக்கு. நிறுத்திவிட்ட இரண்டுக்கும் அதே தட்டுதானே? கேட்காத கால்சியத்தைத் தினமும் ஊட்டிவிட்டு, அதில் சேர்ந்த மிச்சத்தைக் கழிக்கும் வேலையைச் சிறுநீரகத்தின் தலையில் கட்டுகிறோம். மற்ற நாலும் இறகு உதிர்க்கத் தொடங்கினால் 2, 3 மாதம் முட்டையை நிறுத்தும். அப்போது ஆறும் அதே நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, எப்போது தின்கிறது என்பதும் முக்கியம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் 20 மணி போல ஓடு கட்டவே போய்விடும், பெரும்பகுதி இரவில். பகலில் தின்ற பொடிச் சுண்ணாம்பு அதற்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் உள்ள கிளிஞ்சல் துண்டு அரவைப்பையில் தங்கி விடிய விடியக் கரையும். முட்டையிடும் கோழி சாயங்காலம் கிளிஞ்சலைத் தேடிப் போவதும், இடாத கோழி அதைச் சீண்டாததும் இதனால்தான். தனிக் கிண்ணம் வைத்தால் எதற்கு எவ்வளவு என்று கோழியே பார்த்துக்கொள்ளும்.

தராசுமுள்

சிறுநீரகம் பற்றிச் சொன்னதில் பாதிதான் உறுதி. வளரும் பருவத்துக் கோழிக்கு லேயர் தீவனம் போட்டால் சிறுநீரகம் கெடும், யூரேட் என்ற கழிவு உப்பு படியும், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கேட்டை அப்படியே 75 வாரக் கோழிக்குத் தூக்கி வைக்க முடியாது. அதுவும் நான் கேட்பது ஆயுசுக்கு அல்ல, முதல் 4 வாரத்துக்கு. புது இடம், புது வெளிச்சம், புது தண்ணீர், அதோடு புது தீவனமும் என்றால் தின்பதே குறைந்துவிடும். கோழி முதலில் தின்னட்டும்.

வைக்கோல்போர்

எதற்கு இவ்வளவு கணக்கு? இடும் முட்டையை வேகவைத்து ஓட்டோடு நொறுக்கி அவற்றுக்கே போடுங்கள். போனது திரும்பி வந்துவிடும். அப்படியும் முட்டை அதிகமாக வருகிறதென்றால் நாலு நாள் தீவனத்தைக் குறையுங்கள், தானாக நின்றுவிடும்.

தராசுமுள்

போனது திரும்பி வராது, பாதிதான் வரும். 6 கிராம் ஓட்டில் 2.2 கிராம், சேர்வது 1.1. வளர்பருவத் தீவனத்தின் பங்கு 0.55. இரண்டையும் கூட்டினால் 1.65. நாளைய முட்டை கேட்பது 2.2. முட்டை முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலும் மேற்கொண்டு 3 கிராம் கிளிஞ்சல் வேண்டும்.

கிளறுகால்

இதில் நானும் தராசுமுள் பக்கம். வேகவைத்த முட்டை நல்ல புரதம், இறகு முளைக்கும் காலத்தில் கொடுக்கலாம். இறகில் பெரும்பகுதி புரதம்தானே. ஓட்டை உலர்த்தி, அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். பாதி ஓடாகப் போட்டால் பெட்டியில் கிடக்கும் முட்டையைக் கொத்தக் கற்றுக்கொள்ளும்.

தீவனத்தைக் குறைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். பட்டினி போட்டு முட்டையை நிறுத்துவது பண்ணைகளில் கட்டாய இறகு உதிர்ப்புக்குச் செய்கிற வேலை. நெஞ்செலும்பு கத்திமுனை போலத் துருத்திக்கொண்டிருக்கும் கோழிக்கு அது தாங்காது. முட்டை குறைய வேண்டுமானால் வெளிச்சத்தில் கை வையுங்கள். பண்ணையில் 16 மணி நேரம் வரை விளக்கு எரியும். இங்கே விளக்கே வேண்டாம், சூரியன் போதும். பகல் 12 மணிக்குக் கீழே இறங்கும் பருவத்தில் முட்டையும் இறங்கும், பல கோழிகள் இறகும் உதிர்க்கும்.

நெறியாளர்

இறகில்லாக் கோழிக்குக் கம்பளிச் சட்டை போடலாமா என்ற 11 பதிவுகளையும் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தீவனம் மட்டும்.

கால்நடைத்துணை

சட்டை பற்றி ஒரே வரி, பிறகு தீவனத்துக்கு வருகிறேன்: போடாதீர்கள், முளைக்கும் இறகு முறியும், உள்ளே செள்ளும் பேனும் அடையும், நிழலும் ஈரமில்லாத கூளமும் போதும்.

இரு தரப்பும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்தக் கோழி இடுகிறது, எது நிறுத்திவிட்டது என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்யாமல் தீவனம் பேசிப் பயனில்லை. கோழியைக் கக்கத்தில் தலை பின்பக்கமாக இருக்கும்படி அணைத்துக்கொண்டு, முட்டைவாய்க்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு நுனிகளைத் தொடுங்கள். இடையில் 2, 3 விரல் புகுந்தால், முட்டைவாய் அகன்று ஈரமாக இருந்தால், இடும் கோழி. ஒரு விரல் புகுவதே கடினம், வாய் சுருங்கி வறண்டிருக்கிறது என்றால் நிறுத்திவிட்டது. முட்டையே வரவில்லை, ஆனால் வயிறு வீங்கித் தண்ணீர்ப்பை போலத் தளும்புகிறது, பென்குவின் போல நிமிர்ந்து நடக்கிறது என்றால் அது நிறுத்திய கோழி அல்ல. முட்டை வயிற்றுக்குள்ளேயே விழுந்து அழற்சி பிடித்திருக்கலாம். அதைத் தீவனத்தால் சரிசெய்ய முடியாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

வளர்பருவத் தீவனத்துக்கு மாற்றுபவர்கள் மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சிலவற்றில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருக்கும். அதைத் தின்னும் கோழியின் முட்டையை நீங்கள் சாப்பிடக்கூடாது. மருந்து கலக்காததைக் கேட்டு வாங்குங்கள்.

தராசுமுள்

மூட்டை விஷயம் நல்ல எச்சரிக்கை. அதுவும் என் பக்கம் சாய்கிற வாதம் என்று குறித்துக்கொள்கிறேன்.

கிளறுகால்

குறித்துக்கொள்ளுங்கள். கூடவே இதையும் குறியுங்கள்: மாவுத் தீவனத்தைக் கோழி பொறுக்கித்தான் தின்னும். பருவெட்டான தானியத் துணுக்கு முதலில் காலியாகும், சுண்ணாம்புப் பொடி தட்டின் அடியில் தங்கும். நாம் மேலே மேலே கொட்டிக்கொண்டே போனால் 4 சதவீதம் என்பது மூட்டையில்தான் இருக்கும், கோழியின் வயிற்றில் இருக்காது.

தராசுமுள்

அதற்கு வழி உண்டு. நாளுக்கு ஒருமுறை தட்டு காலியாகும் வரை மேலே கொட்டாதீர்கள். அல்லது ஒரு வேளைத் தீவனத்தைத் தண்ணீர் விட்டு உதிரியாகப் பிசைந்து வையுங்கள். பொடி ஒட்டிக்கொள்ளும், வெட்டிய அலகால் அள்ளவும் எளிது. இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், புளித்தால் கழிச்சல். குச்சித் தீவனத்துக்கு மாற்ற வேண்டுமானால் 7 முதல் 10 நாள் கலந்து கலந்து மாற்றுங்கள். மாவே தின்று பழகியது குச்சியைத் தீவனம் என்று ஏற்காமல் தட்டு முன்னாலேயே பட்டினி கிடக்கும்.

ஆழமில்லாத தட்டு, சமதரையில் தூவுதல் இரண்டும் அலகு வெட்டிய கோழிக்கு ஆகாது. தீவனம் 4 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். 6 கோழிக்கு இரண்டு தட்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இடத்தில். இல்லையென்றால் அடங்கிப்போகும் கோழிக்கு அடித்தட்டுப் பொடிதான் மிஞ்சும்.

ஓலைக்குடில்

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். தண்ணீர்க் கிண்ணத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று ராத்திரியில் ஓடில்லாத, தோல் மட்டும் உள்ள முட்டையிடுகிறது. அது கால்சியக் குறைதானா?

கால்நடைத்துணை

கூண்டில் நிப்பிள் குழாயைக் கொத்திக் குடித்தவை, கிண்ணத்தில் நிற்பது தண்ணீர் என்று அவற்றுக்குத் தெரியாது. அலகு நுனியை மட்டும் நனைத்துக் காட்டுங்கள், மூக்குத் துளை முழுகக்கூடாது. ஒன்று கற்றால் மற்றவை பார்த்துக் கற்கும். கொஞ்ச நாளைக்கு நிப்பிள் ஒன்றும் தொங்கட்டும். தலைக்குக் கால் லிட்டர் கணக்கு, வெயிலில் இரட்டிப்பு. தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும், அங்கேயே உங்கள் கால்சியக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

தோல்முட்டைக்குக் கால்சியக் குறை ஒரு காரணம்தான். வெயிலில் மூச்சிரைத்தால் கரியமில வாயு அதிகம் வெளியேறும், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் ரத்தத்தில் குறையும். கிளிஞ்சலைக் கொட்டினாலும் தீராது, நிழல்தான் மருந்து. இட மாற்றத்தின் அதிர்ச்சியிலும் முதல் சில நாள் வரும். வைட்டமின் டி3 குறைந்தாலும் வரும், அது இல்லாமல் கால்சியம் சேராது. தும்மல், மூக்கொழுகலோடு சேர்ந்து வந்தால் மூச்சுக்குழல் தொற்றைச் சந்தேகப்பட வேண்டும். வேறு கோழிகள் இருந்தால் இவற்றை 4 வாரம் தனியே வையுங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

இட முடியாமல் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 38 டிகிரி வெந்நீரில் வயிறு முழுக 15, 20 நிமிடம் வையுங்கள், துடைத்து உலர்த்தி இருட்டான இடத்தில் விடுங்கள். அழுத்திப் பிதுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் பிழைப்பது கடினம். சில மணி நேரத்தில் வரவில்லை என்றால் மருத்துவரிடம்.

வைக்கோல்போர்

முட்டையையே நிறுத்துகிற ஊசி இருக்கிறதாமே?

கால்நடைத்துணை

டெஸ்லோரெலின். ஊசி அல்ல, தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி. சில மாதம் நிறுத்தி வைக்கும், பிறகு மறுபடி வைக்க வேண்டும். கோழிக்கென்று உரிமம் பெற்ற மருந்து இல்லை என்பதால் மருத்துவர் தம் பொறுப்பில்தான் வைப்பார், முட்டையை உண்ணக்கூடாது. வயிற்றழற்சி திரும்பத் திரும்ப வருகிற கோழிக்கு யோசிக்கலாம். நன்றாக இருக்கும் கோழிக்குத் தேவையில்லை.

கிளறுகால்

ஓலைக்குடில், தீவனத்தோடு சேர்ந்ததுதான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே தடுப்புக்குள் வெளியே விடுங்கள். வெயில் பட்டால் டி3 தோலிலேயே உருவாகும், நடந்தால் எலும்பு தேறும். 6 கோழிக்குக் குறைந்தது 12 சதுர மீட்டர், அதில் பாதி நிழல்.

தராசுமுள்

முதல் நாளே வேண்டாம். இரண்டு நாள் கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், தீவனமும் தண்ணீரும் எங்கே என்று பழகட்டும். திறந்துவிட்டால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு தின்னாமல் நிற்கும், இருட்டினால் கூட்டுக்குத் திரும்பவும் தெரியாது. மொட்டைத் தோலில் உச்சி வெயில் பட்டால் கொப்பளிக்கும், ஆகவே காலையும் மாலையும் மட்டும். உட்காரும் கட்டை 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம், கட்டை 4, 5 சென்டிமீட்டர் அகலம், விளிம்பு மழுங்கலாக. அடியில் 10 சென்டிமீட்டர் கூளம். உயரத்திலிருந்து குதித்து நெஞ்செலும்பு முறிவது இவற்றுக்குச் சர்வசாதாரணம்.

கிளறுகால்

கட்டை உயரத்தில் உடன்படுகிறேன். இரண்டு நாள் பூட்டில் இல்லை. கூட்டுக்குத் தரைமட்டத்தில் கதவு இருந்தால் தீவனத்தை உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே விடலாம், வருகிறது வரட்டும். இருட்டியதும் வெளியே ஒண்டியிருப்பதைத் தூக்கி உள்ளே வைப்பது ஒரு வாரத்து வேலை, அவ்வளவுதான்.

தீவனத்துக்கு என் திட்டம் இது: லேயர் மாவும் வளர்பருவத் தீவனமும் பாதிக்குப் பாதி, இரண்டாம் வாரத்திலிருந்து. கிளிஞ்சல் கிண்ணம் முதல் நாளிலிருந்தே, தீவனத் தட்டிலிருந்து தள்ளி, மழை படாத இடத்தில். செரிமானத்துக்கான கருங்கல் துணுக்கு வேறு கிண்ணத்தில், அது கரையாது, கிளிஞ்சலுக்கு மாற்றும் ஆகாது. தானியம், கீரை எல்லாம் சேர்த்து நாள் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், கல்லீரலில் கொழுப்பு கட்டும்.

தராசுமுள்

இரண்டாம் வாரம் அவசரம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோழியையும் எடை போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறி, கிளிஞ்சல் கிண்ணமும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தால் அப்போது பாதிக்குப் பாதி போங்கள். கிண்ணம் அப்படியே இருக்கிறது, ஓடு மெலிகிறது என்றால் லேயர் தீவனத்தை விட்டு நகராதீர்கள். எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் அது தீவன விவாதமே அல்ல, குடற்புழுவுக்கு எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

கிளறுகால்

நிறுத்திவிட்ட அந்த இரண்டும் அதுவரை?

தராசுமுள்

இடுப்பெலும்பு ஒரு விரல்தான் என்று உறுதியானால் அந்த இரண்டுக்கும் தனித் தட்டு, காலையில் அரை மணி நேரம் தடுப்பு போட்டு. முடியாதென்றால் ஒரு மாதம் பொதுத் தட்டு. அதற்கு மேல் நானும் கேட்க மாட்டேன்.