பூசணம் பிடிச்ச தீவனம்: உங்க வீட்டுக் கால்நடைக்கு என்ன ஆச்சு?

தேரூர்க்காரன்
ரெண்டு பருவமழையும் கொட்டுத மாவட்டம் நம்ம கன்னியாகுமரி. தீவன மூட்டை ஈரம் இழுக்காம இருக்கது கஷ்டம். எங்க மாமா குளத்துப் பக்கம் வாத்து வளக்காவ. சல்லிசா கிடைச்சுதுன்னு கடலைப் பிண்ணாக்கு வாங்கிப் போட்டாவ. பெரிசுக தாங்கிச்சு. குஞ்சுகதான் எரை எடுக்காம நொண்ட ஆரம்பிச்சு, காலெல்லாம் ஊதாவாகி, கழுத்து முதுகுப் பக்கமா வளைஞ்சு துடிச்சுச் செத்துது. வாத்து பிளேக்குன்னுதான் ஊரே சொல்லிச்சு. கால்நடை டாக்டர் ஒண்ணை அறுத்துப் பாத்தாரு. ஈரல் வெளுத்து வீங்கிக் கிடந்துது. "பிண்ணாக்கைக் கொண்டா"ன்னாரு. வெளிய பாத்தா பழுதே இல்ல, உடைச்சா உள்ள மஞ்சப் பச்சையாப் பொடி.

பூசணம் கக்குத அஃப்ளாடாக்சின்ங்கிற விஷம்தான் அது. 1960ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழி செத்தப்போ, பிரேசில்ல இருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதிச்சுதான் இதைக் கண்டுபிடிச்சாங்களாம். அதுலயும் வாத்துக்குஞ்சுதான் சீக்கிரம் விழும்.

பூதப்பாண்டி எருமை
எங்களுக்கு வந்தது வைக்கோல்ல. கன்னிப்பூ நெல் அறுப்பு மழையில மாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் நனைஞ்ச வைக்கோலை அப்படியே படப்பு வெச்சாரு. அடியில கருப்புக் கருப்பா பூத்துது. தின்ன எருமைக்கு வால் நுனியும் காது ஓரமும் மரத்துப்போய்க் காய்ஞ்சு கருவாடு மாதிரி ஆச்சு. கொஞ்ச நாள்ல வால் நுனி தானா உதிர்ந்துது. வடக்க பஞ்சாப் பக்கம் எருமைக்கு இதே மாதிரி வரும், அங்க தெக்னாலான்னு சொல்லுவாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அந்த வைக்கோலை நிறுத்தினபிறகு புண்ணு பரவல. போன வால் போனதுதான்.

குலசேகரம்
அண்ணே, பூசணத்தைத் தட்டிட்டு வெயில்ல காயவெச்சுப் போடலாமா? இல்ல வேகவெச்சு?

தேரூர்க்காரன்
வேண்டாம் தம்பி. பூசணம் சாகும், அது கக்கின விஷம் சாகாது. கொதிக்கிற சூட்டுக்கெல்லாம் மசியாது. கறவை மாட்டுக்குப் போட்டா அஃப்ளாடாக்சின் ஒரு நாளைக்குள்ள பால்லயும் எம்1ங்கிற வேற உருவத்துல வந்துரும். பால்ல அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் தாண்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. மாடு நல்லா நடந்துக்கிட்டிருக்கும், பால் மட்டும் குறையும். நம்ம ஆளுக அதுக்குக் கண்ணேறு கழிப்பாங்க! தீவனத்தை மாத்தினா சில நாள்ல பால் தெளிஞ்சிரும்.

அருமனை
எங்க பன்னிப் பண்ணையில வேற கூத்து. சினைக்கு விடாத குட்டிப் பன்னிகளுக்கு, பருவம் வரும் முன்னாலயே பிறப்புறுப்பு சிவந்து வீங்கிச்சு. கெடா தேடுதுன்னு வேலைக்காரன் சிரிச்சான். மக்காச்சோளத்துல இளஞ்சிவப்பாப் பூத்திருந்துது. அதுல உள்ளது செராலினோன்ங்கிற வேற பூசண விஷம், பெண் ஹார்மோன் வேலையைச் செய்யுமாம். சோளத்தை மாத்தவும் வீக்கம் வடிஞ்சுது.

குலசேகரம்
தீவனத்துல உள்ள விஷத்தைப் பிடிச்சுக்கும்னு கடையில டாக்சின் பைண்டர்னு ஒரு பொடி விக்காங்களே?

அருமனை
களிமண் வகைப் பொடி அஃப்ளாடாக்சினை நல்லா பிடிக்கும். எங்க சோளத்துல இருந்ததை அவ்வளவா பிடிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எல்லாத்துக்கும் ஒரே பொடின்னு விக்கவனை நான் நம்ப மாட்டேன்.

பூதப்பாண்டி எருமை
தேரூர் அண்ணாச்சி, மிச்சப் பிண்ணாக்கை என்ன செஞ்சிய?

தேரூர்க்காரன்
தென்னை மூட்டுல போடலாம்னு மாமா சொன்னாவ. கோழி கிளறும்லா? ஆழமாக் குழி வெட்டி மூடியாச்சு.