மடங்கிய காது நிமிர்ந்த கதை: எங்கள் அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்க்குட்டி கருப்பனுக்கு மூன்றாம் மாதத்திலேயே இரண்டு காதும் நிமிர்ந்துவிட்டன. நான்கரை மாதத்தில் ஒரு நாள் காலை பார்த்தால், இடக்காது நடுவில் மடிந்து கண்ணின் மேல் சாய்ந்து கிடந்தது. அதே வாரம் கூடத்தைப் பெருக்கும்போது அரிசியளவு பால் பல் ஒன்று துடைப்பத்தில் சிக்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

குட்டியை விற்றவரிடம் கேட்டேன். தினமும் இரண்டு வேளை கால்சியம் டானிக் கொடுத்து, காதை டேப் சுற்றி நிறுத்தச் சொன்னார், இரண்டையும் செய்தேன். அப்போது மே மாத இறுதி, கடற்காற்று இறங்காத பகலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். ஐந்தாம் நாள் குட்டி தலையை விடாமல் உதறத் தொடங்கியது; டேப்பின் ஓரத்தில் மூக்கை வைத்தால் புளித்த மாவின் வாடை. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அரை மணி நேரம் பிரித்தேன். கடைசிச் சுற்றைப் பிரித்தபோது காதின் முடியும் கையோடு வந்துவிட்டது, அதன் அடியில் தோல் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கருப்பன் என் மடியிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். இரவுச் சோற்றுக்குத்தான் வெளியே வந்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் நான்கு முதல் ஏழு மாதம் வரை, நின்ற காது சாய்வதும் சாய்ந்த காது மறுபடி நிற்பதும் இயல்புதான் என்றும், காதைத் தாங்குவது எலும்பல்ல, இன்னும் முதிராத குருத்தெலும்பு என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். டானிக்கைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. பெரிய இனக் குட்டிகளின் உடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, அது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும், குட்டிகளுக்கான நல்ல தீவனத்தில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது என்று கண்டித்தார். புண்ணுக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் மருந்து கொடுத்தார். ஈறு அரிப்புக்குக் கடிக்க ரப்பர் பொம்மை கொடுக்கவும், தடவிக் கொடுக்கும்போது காதை அழுத்தாமல் இருக்கவும் சொன்னார். அப்படி அழுத்தாமலிருக்க வீட்டுப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆறாம் மாதம் பிறந்தபோது காது தானாக எழுந்தது. நுனி மட்டும் சில நாள் வலக்காதின் பக்கமாகச் சாய்ந்திருந்து, பிறகு நேரானது.

பெரம்பூரிலிருந்து:

எல்லாக் குட்டிக்கும் காத்திருப்பு மட்டும் போதாது என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். எங்கள் பெண் குட்டிக்குப் பற்கள் எல்லாம் முளைத்த பிறகும் வலக்காது எழவில்லை. அதன் தாய்க்கும் காது மென்மையாகவே இருந்தது. மருத்துவர் காதின் உட்பக்கம் மெல்லிய பஞ்சு உருளை ஒன்றை வைத்து, காதுத் துளை மூடாதபடி காற்றோட்டம் விட்டு, மைக்ரோபோர் என்ற காற்றுப் புகும் மருத்துவ டேப்பால் தளர்வாக ஒட்டினார். நனையவிடாமல், நாள்தோறும் முகர்ந்து பார்த்து, வாரத்தில் ஒருமுறை பிரித்துத் தோலுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தோம். மூன்றாம் முறை பிரித்தபோது காது நின்றது. மழைக்காலத்தில் இதைச் செய்திருந்தால் எங்களுக்கும் புண்தான் மிஞ்சியிருக்கும்.

திருவொற்றியூரிலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது ராஜபாளையம் நாய். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஏன் தம்பி, காதைக் கட்டி நிறுத்தக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். அந்த இனத்திற்குத் தொங்கும் காதுதான் பிறவி அழகு, அதை நிறுத்த முயல்வது வீண் வேதனை என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன்.